பழைய போனில் உறங்கும் அமானிதங்கள்



வெளிநாட்டில் தொழில் பார்க்கும் கணவரோ மகனோ லீவில் வரும்போது ஒரு புதிய போன் கொண்டு வருகிறார். அல்லது வேளாண்மை வெட்டி முடிந்து கையில் கொஞ்சம் காசு புழங்கும் நாளில், சொறிக்கல்முனை, சவளக்கடை, சாளம்பைக்கேணிப் பக்கத்திலிருந்து கிட்டங்கியைக் கடந்து கல்முனைக்குப் போய் ஒன்று வாங்கி வருகிறீர்கள். பெட்டியைத் திறந்து போனை இயக்கியதும் அது உங்களிடம் ஒரு கேள்வி கேட்கும்: "பழைய போனில் உள்ளவற்றைக் கொண்டு வரவா, அல்லது புதிதாகத் தொடங்கவா?"

இந்தக் கேள்விக்கு விடை சொல்வது யார்? அனேகமான வீடுகளில் போனின் சொந்தக்காரி அல்ல. கடையில் நிற்கும் பையன், அல்லது தம்பி, அல்லது பத்தாந் தரம் படிக்கும் மகன், ஏதோ ஒன்றை அழுத்திவிட்டு "சரி, இனிப் பாவியுங்கள்" என்று கையில் தந்துவிடுகிறார். அந்த ஒரு அழுத்தலில் எத்தனை வருட வாழ்க்கை வந்து சேர்ந்தது, எத்தனை வருட வாழ்க்கை போய்விட்டது என்பதை நாம் சிந்திப்பதில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு நாள் மௌத்தாகிவிட்ட உம்மாவின் குரலைக் கேட்க ஆசை வருகிறது. தேடிப் பார்த்தால் அது இல்லை.

போனுக்குள் என்ன இருக்கிறது?

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி வந்தபோது மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று எமது கரையோர ஊர்கள் உயிர்களையும் வீடுகளையும் இழந்தன. அதன் பிறகு பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை மீண்டும் எடுக்க வழியிருந்தது. ஏனெனில் அதன் பதிவு அரசாங்கப் பதிவேட்டில் இருந்தது. ஆனால் கல்யாண அல்பத்துக்கு ஏது பதிவேடு? உறவினர் ஒருவர் வீட்டில் இன்னொரு பிரதி இருந்தால் மட்டுமே அந்த முகங்களை மீண்டும் பார்க்க முடிந்தது.

இன்று அந்த அல்பம் போனுக்குள் போய்விட்டது. அல்பம் மட்டுமா? பிள்ளையின் தடுப்பூசி அட்டையைப் படம் பிடித்து வைத்திருக்கிறீர்கள். காணி உறுதியின் படம் இருக்கிறது. அடகு வைத்த நகையின் பற்றுச்சீட்டு இருக்கிறது. சீட்டுக்கு யார் யார் காசு கட்டினார்கள் என்ற கணக்கு வட்ஸ்அப்பில் குரல் பதிவாக இருக்கிறது. "அடுத்த மாதம் தந்துவிடுகிறேன்" என்று கைமாற்று வாங்கியவர் சொன்ன வார்த்தையும் அங்கேதான் இருக்கிறது. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான சூரதுல் பகராவின் 282ஆம் வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை நீங்கள் அறிவீர்கள். எழுதி வைத்ததைப் பாதுகாப்பதும் அந்தப் பொறுப்பைச் சேர்ந்ததல்லவா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தப் போனில் இருப்பவை எல்லாம் உங்களுடையவை அல்ல. கல்யாண வீட்டில் பெண்கள் பகுதியில் எடுத்த படங்கள், நம்பி அனுப்பிய மருத்துவ அறிக்கை, குடும்பச் சண்டையில் மனம் நொந்து ஒரு சகோதரி அழுதுகொண்டே பேசிய பதிவு, இவையெல்லாம் பிறர் உங்களிடம் வைத்திருக்கும் அமானிதங்கள்.

எனவே, "எல்லாவற்றையும் கொண்டு செல்வதா, எல்லாவற்றையும் விட்டுவிடுவதா" என்று கேட்பதே பொருத்தமில்லை. எது காக்கப்பட வேண்டியது, எது பிறருக்குரியது, எது குப்பை என்று பிரிக்க வேண்டும். வீடு மாறும்போது நாம் செய்வது இதைத்தானே?

ஹிஜ்ரத்தில் ஒரு பாடம்

கி.பி. 622இல் நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்டார்கள். புதிய ஊர், புதிய வாழ்க்கை. உயிருக்கு ஆபத்தான அந்த இரவிலும் ஒரு வேலையை அவர்கள் மறக்கவில்லை. மக்காவாசிகள் தம்மிடம் ஒப்படைத்திருந்த பொருட்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக அலி (ரழி) அவர்களை அங்கே நிறுத்திவிட்டுச் சென்றார்கள். அப்பொருட்களுக்கு உரியவர்களில் அவர்களை எதிர்த்தவர்களும் இருந்தார்கள்.

புதிதாகத் தொடங்குவது என்றால் பழையதை அப்படியே போட்டுவிட்டுப் போவதல்ல. பொறுப்பைத் தீர்த்துவிட்டுப் போவது என்பதை இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்ளலாம்.

எப்போது கொண்டு செல்வது? எப்போது புதிதாகத் தொடங்குவது?

பழைய போன் ஒழுங்காக வேலை செய்கிறது, அதில் உள்ளவை உங்களுக்குத் தேவை என்றால் கொண்டு செல்வதே நல்லது. அண்ட்ரொய்ட் போனிலிருந்து அண்ட்ரொய்ட் போனுக்குப் போவதாயின், முதன்முறை இயக்கும்போதே இரண்டு போன்களையும் கேபிளாலோ வைஃபையாலோ இணைத்துத் தொலைபேசி இலக்கங்கள், படங்கள், செயலிகள் ஆகியவற்றை மாற்றலாம். சம்சுங் போனில் இதற்கென "ஸ்மார்ட் சுவிட்ச்" என்ற செயலி உண்டு. அண்ட்ரொய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறவர்களுக்கு "மூவ் டு ஐஓஎஸ்" என்ற செயலி இருக்கிறது. இந்த வேலையை முதல் இயக்கத்திலேயே செய்துவிடுவது இலகு. அவசரப்பட்டுத் தாண்டிச் சென்றுவிட்டால் பிறகு செய்வது சிரமமாகும்.

புதிதாகத் தொடங்குவது சிறந்ததாக இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. பழைய போனில் கண்ட கண்ட இடத்திலிருந்து இறக்கிய செயலிகள் நிறைந்திருந்தால், இயல்புக்கு மாறாக அது சூடேறினால், விளம்பரங்கள் தாமாகத் திறந்தால், அல்லது உங்கள் பேச்சையும் இருப்பிடத்தையும் வேறொருவர் கவனிக்கிறார் என்ற சந்தேகம் இருந்தால், செயலிகளைக் கொண்டு செல்லாதீர்கள். படங்களையும் இலக்கங்களையும் மட்டும் எடுங்கள். செயலிகளைப் பிளே ஸ்டோரிலிருந்து புதிதாக இறக்குங்கள். கூகுள் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். நானாவோ மச்சானோ பாவித்த போன் உங்கள் கைக்கு வந்தால், அதை முழுவதும் அழித்து உங்கள் சொந்தக் கணக்கோடுதான் தொடங்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் போனாயின் இன்னொன்றையும் பாருங்கள். பதிவு செய்யப்படாத போன்கள் 2025 ஜனவரி 28இலிருந்து இங்குள்ள வலையமைப்புகளில் புதிதாக இணைய முடியாது என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அறிவித்தது. *#06# என்று அழுத்தினால் 15 இலக்கங்கள் கொண்ட ஐ.எம்.ஈ.ஐ. இலக்கம் தெரியும். ஐ.எம்.ஈ.ஐ. என்ற எழுத்துகளை ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு அந்த இலக்கத்தையும் எழுதி 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள். பழைய போனை அழித்த பிறகு இதைப் பார்த்துப் பயனில்லை.

இலக்கங்கள் எங்கே இருக்கின்றன?

"சிம்மை மாற்றிப் போட்டால் எல்லாம் வந்துவிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். அது பட்டன் போன் காலத்துக் கணக்கு. ஒரு சிம்மில் ஏறத்தாழ 250 பெயர்களும் இலக்கங்களும்தான் அடங்கும். படமோ வட்ஸ்அப் செய்தியோ அதில் இருக்காது. நீங்கள் பதிந்த இலக்கங்கள் சிம்மில் இருக்கலாம், போனில் இருக்கலாம், கூகுள் கணக்கில் இருக்கலாம். கூகுள் கணக்கில் இருந்தால், புதிய போனில் அதே கணக்கைக் கொடுத்ததும் அவை தாமாக வந்துவிடும். உங்கள் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் உங்களுக்குத் தெரியுமா? அதைத் தொடங்கித் தந்தவர் மட்டும் அறிந்திருந்தால், உங்கள் வீட்டுத் திறப்பு அவர் கையில் இருக்கிறது என்பதுதான் பொருள். இன்றே கேட்டு மாற்றி, ஒரு கொப்பியில் எழுதி அலுமாரியில் வையுங்கள்.

வட்ஸ்அப்பில் கவனம்

அதிகமானோர் இழந்துவிட்டுக் கவலைப்படுவது இங்கேதான். உங்களுக்கு வந்து சேர்ந்த செய்திகளை வட்ஸ்அப் நிறுவனம் தன்னிடம் சேமித்து வைத்திருப்பதில்லை. அவை உங்கள் போனிலும், நீங்கள் எடுத்த காப்புப் பிரதியிலும்தான் இருக்கும். அண்ட்ரொய்ட் போனில் இப்பிரதி கூகுள் கணக்கில் சேரும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜீ.பீ. இடம். முன்பு வட்ஸ்அப் பிரதி இக்கணக்கில் சேரவில்லை; 2024இலிருந்து அதுவும் சேர்கிறது. ஆகவே காலை வணக்கப் படங்களும் பகிடி வீடியோக்களும் இடத்தை அடைத்துக்கொண்டால், உம்மாவின் குரலுக்கு இடமில்லாமல் போகும். முதலில் குப்பையை அழியுங்கள். பிறகு செட்டிங்ஸில் "செட் பெக்கப்" என்ற இடத்துக்குப் போய், கடைசியாகப் பிரதி எடுத்த திகதியைப் பாருங்கள். பழைய திகதியாயின் உடனே புதிதாக எடுங்கள்.

புதிய போனில் அதே தொலைபேசி இலக்கத்தையும் அதே கூகுள் கணக்கையும் கொடுத்தால் "மீட்கவா?" என்று கேட்கும். அங்கே "ஸ்கிப்" என்பதை அழுத்த வேண்டாம். அழுத்திவிட்டுப் புதிதாகப் பாவிக்கத் தொடங்கினால், புதிய போன் எடுக்கும் வெறும் பிரதி பழைய பிரதியின் மேல் எழுதப்பட்டுவிடும். அதன் பின்னர் மீட்பதற்கு எதுவும் மிஞ்சாது. தவறுதலாக அழுத்திவிட்டால், புதிய பிரதி எடுக்கப்படுமுன் வட்ஸ்அப்பை நீக்கிவிட்டு மீண்டும் பதிவு செய்யுங்கள்.

கூகுளுக்கு அனுப்ப விரும்பாதவர்களுக்கும் வழியுண்டு. 2023இலிருந்து, ஒரே வகைப் போன்கள் இரண்டையும் அருகருகே வைத்து, புதிய போனில் தோன்றும் சதுரக் குறியைப் பழைய போனால் ஸ்கேன் செய்து நேரடியாகவே மாற்றலாம். பதிவின்போது வரும் ஆறு இலக்கக் குறியை மட்டும் எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். அதைப் பெற்றவர் உங்கள் வட்ஸ்அப்பையே எடுத்துக்கொள்வார்.

மாரியில் கிட்டங்கி வீதியை நீர் மூடுவது நமக்குத் தெரிந்த விடயம். தண்ணீரில் விழுந்த போன் எதையும் மாற்றித் தராது. எனவே புதிய போன் வரும்வரை காத்திராமல், மாதத்தில் ஒருநாள் முக்கியமான படங்களையும் குரல் பதிவுகளையும் ஒரு மெமரி காட்டிலோ கணினியிலோ பிரதி எடுத்து வையுங்கள்.

பழைய போனை என்ன செய்வது?

பிள்ளைக்குக் கொடுப்பது, கடையில் கொடுத்து விலையில் கழிப்பது, அடுத்த வீட்டுக்கு விற்பது என்று எதுவானாலும் அவசரம் வேண்டாம். ஒரு வாரமாவது கையில் வைத்திருங்கள். அந்த நாட்களில் புதிய போனில் ஒவ்வொன்றாகத் திறந்து சரிபாருங்கள். படம் வந்தால் போதாது, அது திறக்கிறதா? குரல் ஒலிக்கிறதா? வங்கிச் செயலியைப் புதிய போனில் மீண்டும் பதிவு செய்தாயிற்றா?

எல்லாம் சரி என்று கண்ட பின், மெமரி காட்டையும் சிம்மையும் கழற்றுங்கள். கூகுள் கணக்கைப் போனிலிருந்து நீக்குங்கள். நீக்காவிட்டால், அழித்த பின்னும் அடுத்தவரிடம் உங்கள் கணக்கையே அது கேட்டு நிற்கக்கூடும். அதன் பிறகு செட்டிங்ஸில் "பெக்டரி ரீசெட்" செய்து முழுவதையும் அழியுங்கள். படங்களை மட்டும் தொட்டு அழிப்பது போதாது. குறிப்பாகப் பழைய போன்களிலும் மெமரி காட்டிலும் அப்படி அழித்ததைத் தகுந்த மென்பொருளால் மீண்டும் எடுத்துவிட முடியும். கண்ணாடி உடைந்து திருத்தக் கொடுப்பதாயின், உங்கள் வீட்டார் ஒருவர் பக்கத்திலேயே நின்று செய்விப்பது நல்லது. லொக் இலக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வருவது, வீட்டைத் திறந்து போட்டு வருவதற்குச் சமம்.

சொறிக்கல்முனையில் நமது அயலவர்கள் கத்தோலிக்க மக்கள். அவர்களின் திருச்சிலுவை ஆலயத் திருவிழாப் படங்களும் நமது கல்யாண வீட்டுப் படங்களும் இதே மாதிரியான போன்களில்தான் இருக்கின்றன. இதே கடைகளுக்குத்தான் செல்கின்றன. அந்த வீட்டுச் சகோதரிகளுக்கும் இவற்றைச் சொல்லிக் கொடுங்கள். ஒரு பெண் தன் போனைத் தானே மாற்றப் பழகிவிட்டால், அவளை நம்பிப் படம் அனுப்பிய பத்துப் பெண்களின் மானமும் காக்கப்படுகிறது.

இது பெரிய படிப்பல்ல. பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் அமர்ந்தால் செய்து முடிக்கலாம். தெரியாத இடத்தில் மகளைக் கேளுங்கள். ஆனால் எதை வைப்பது, எதை அழிப்பது என்ற முடிவு மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.