வெயிலில் விளையாடட்டுமே!

பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு, கத்திரியும் வந்தாச்சு! ஏறக்குறைய மே 4 முதல் 28 வரை சூரியன் நம்மை வறுத்தெடுக்கும் நாட்கள். "வெளியே போகாதே, கருத்துடுவே!" என்ற அதட்டல் கேட்காத வீடு உண்டா?

சென்ற ஆண்டு லீவுக்கு என் தங்கை தன் எட்டு வயதுப் பெண்ணோடு வந்திருந்தாள். தெருப்பிள்ளைகள் எல்லாம் பாண்டி ஆடிக்கொண்டிருக்க, இவள் மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ போகலையாம்மா?"

"அம்மா விட மாட்டாங்க பெரியம்மா. நான் கருப்பாயிட்டா நல்லா இருக்க மாட்டேனாம்."

எனக்குச் சுருக்கென்றது. தங்கையின் வைத்தியம் அதோடு நின்றதா? ஒருநாள் "நிறம் வரும்" என்று குழந்தையின் கைகளில் எலுமிச்சம் பழத்தைத் தேய்த்திருக்கிறாள். சரியாகக் கழுவாமலே நடுப்பகலில் கோயிலுக்கும் அழைத்துப் போய்விட்டாள். இரண்டாம் நாள் கை சிவந்து கொப்புளம் போட்டது. பிறகு திட்டுத் திட்டாகக் கருத்தது. எலுமிச்சைச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் இப்படித்தான் புண்ணாகும் என்றார் டாக்டர். அந்தக் கறை மறையச் சில மாதங்கள் ஆயின. எதற்குப் பயந்தாளோ அதுவே வந்து சேர்ந்தது!

கருப்பது குற்றமா?

இல்லவே இல்லை. வெயில் பட்டதும் தோல் 'மெலனின்' என்ற நிறப்பொருளை அதிகம் சுரக்கிறது. புற ஊதாக் கதிர்களைத் தடுக்கத் தோல் தானே பிடித்துக்கொள்ளும் குடை அது. அதனால்தான் வெள்ளைக்காரர்களைவிட நம் தோல் வெயிலைத் தாங்குகிறது. ஆனால் அந்தக் குடை சின்னக் குடைதான். எரிச்சல், சிறுவயதிலேயே சுருக்கம், மங்கு எல்லாம் நமக்கும் வரும். ஆகவே நாம் பயப்பட வேண்டியது நிறத்துக்கு அல்ல, காயத்துக்கு.

நிழலைப் பாருங்கள்

கடிகாரமே வேண்டாம். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர்கள் கடுமையாக இருக்கின்றன என்று அர்த்தம். காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை பல்லாங்குழி, தாயக்கட்டை என்று வீட்டுக்குள் ஆடட்டும். நிழல் நீண்டதும் பீச்சோ மைதானமோ, தாராளமாக அனுப்புங்கள். மேகம் போட்டிருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். மெல்லிய மேகத்தைத் தாண்டியும் கதிர்கள் வரும். கடற்கரை மணலும் அவற்றைத் திருப்பி அடிக்கும்.

துணிதான் முதல் காவல்

நெருக்கமாக நெய்த, தொளதொளவென்ற முழுக்கைப் பருத்திச் சட்டை நல்லது. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் பளிச்சென்று ஊடுருவினால் கதிரும் ஊடுருவும். நனைந்த பருத்தித் துணியின் காவல் இன்னும் குறைவு. அகல விளிம்புத் தொப்பி பிள்ளைகளுக்கு. நமக்கு இருக்கவே இருக்கிறது குடை.

சன்ஸ்க்ரீன் பூசும் முறை

புட்டியில் எஸ்.பி.எஃப். 30 என்று இருந்தால், சரியாகப் பூசும்போது தோலைச் சுடும் 'பி' வகைக் கதிர்களில் சுமார் 97 சதவிகிதத்தைத் தடுக்கும். 'ஏ' வகையையும் தடுக்கும் 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்று பார்த்து வாங்குங்கள். கிளம்புவதற்கு 15 நிமிடம் முன்பே பூச வேண்டும். பெரியவர்களுக்கு முகம், கழுத்துக்கு ஒரு டீஸ்பூன் தேவை. பொட்டு வைப்பதுபோல் தொட்டு வைத்தால் பலன் இல்லை. காது, பிடரி, பாதத்தை மறக்காதீர்கள். இரண்டு மணிக்கு ஒரு தடவையும், வியர்த்தாலும் நனைந்தாலும் மறுபடியும் பூசுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு லோஷன் வேண்டாம், நிழலே போதும். தேங்காய் எண்ணெய் தோலை மெருகேற்றும், வெயிலைத் தடுக்காது.

இளம் தாய்மார்களுக்கு

கர்ப்ப காலத்தில் கன்னத்தில் விழும் மங்கு, வெயில் பட்டால் இன்னும் அடர்த்தியாகும். குடையும் சன்ஸ்க்ரீனும்தான் முதல் மருந்து. "பக்கத்து வீட்டு அக்கா போட்டாங்க, பளிச்சுன்னு ஆயிட்டாங்க" என்று களிம்பு வாங்கிப் பூசாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பு நாளடைவில் தோலை மெலியவைத்து, முகத்தைச் சிவக்கவைக்கும். பருவும் ரோமமும் வரும். 2018இல் இப்படிப்பட்ட பல களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணையிட்டது சும்மாவா?

சுட்டுவிட்டால்?

நிழலுக்கு வந்து, குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் போடுங்கள். ஐஸ் வைக்க வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். மோர், இளநீர், தண்ணீர் நிறையக் கொடுங்கள். உடம்பு அனலாகக் கொதித்து, குழந்தை உளறினாலோ துவண்டாலோ அது வெப்பத் தாக்கு. உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108க்குப் போன் செய்யுங்கள்.

இந்த லீவுக்கும் தங்கை வந்திருக்கிறாள். மாலை நாலரை மணிக்குப் பெண்ணுக்குத் தொப்பியை மாட்டி, "போய் ஆடிட்டு வாடி கண்ணு" என்று அவளே அனுப்புகிறாள். ஜன்னல் கம்பி இப்போது காலியாக இருக்கிறது. பார்க்கவே நிறைவாக இருக்கிறது!