இழுவை கேரவன்களின் கட்டுமானத் தரம்

இழுவை கேரவன் என்பது மகிழுந்து போன்ற ஊர்தியின் பின்னால் இணைத்து இழுத்துச் செல்லப்படும் நடமாடும் தங்குமிடம் ஆகும். இதில் படுக்கை, சமையலிடம் முதலிய வசதிகள் இருக்கும். சொந்தமாக இயந்திரம் இராது. இதன் ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பவை உள் அலங்காரங்கள் அல்ல. அடிச்சட்டமும் சுவர், கூரை ஆகியவற்றின் மூட்டுகளுமே ஆகும்.

கட்டமைப்பு

பொதுவான ஒரு முறையில், எஃகு அடிச்சட்டத்தின் மீது மரச்சட்டகம் அமைக்கப்படுகிறது. அதன் வெளிப்புறத்தில் அலுமினியத் தகடும் உட்புறத்தில் ஒட்டுப்பலகையும் பொருத்தப்பட்டு, இடையில் வெப்பத்தைத் தடுக்கும் நுரைப்பொருள் வைக்கப்படுகிறது. தகடுகள் சேரும் இடங்கள் நீர்புகாப் பசையால் அடைக்கப்படுகின்றன.

நீர்க்கசிவு

வெயிலில் இப்பசை காய்ந்து வெடிக்கிறது. ஓட்டத்தின்போது ஏற்படும் அதிர்வால் மூட்டுகள் தளர்கின்றன. அவ்வழியே புகும் மழைநீர் வெளியேற வழியின்றித் தேங்கி, மரச்சட்டகத்தை உளுக்கச் செய்கிறது. வெளித்தகடு பளபளப்பாக இருப்பதால் இச்சிதைவு நெடுநாள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

உப்புக்காற்றின் விளைவு

விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ள பெரிய முதலியார்சாவடி போன்ற ஊர்களில் அரிப்பு விரைவாக நிகழும். அலைகள் உடையும்போது எழும் நுண்ணிய உப்புத்துளிகள் காற்றில் பரவி உலோகத்தின் மீது படிகின்றன. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கரைகிறது. எனவே மழை இல்லாத நாளிலும் உலோகம் நனைந்தே இருக்கும். அலுமினியத் தகட்டில் எஃகுத் திருகு முடுக்கப்பட்டிருந்தால், இவ்வுப்புநீர் மின்பகுபொருளாகச் செயற்பட்டுத் திருகைச் சுற்றியுள்ள அலுமினியத்தை அரிக்கும். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இத்தகைய அரிமானம் பற்றி ஆராயும் நிறுவனமாகும்.

நீடித்துழைக்கும் முறைகள்

மூட்டுகள் குறைந்தால் கசிவும் குறையும். 1968 இல் கனடாவில் அறிமுகமான போலர் கேரவனின் உடல், கண்ணாடியிழையால் வார்க்கப்பட்ட இரு பாதிகளை இணைத்து உருவாக்கப்பட்டது. தமிழகக் கடற்கரை மீனவர்களின் கண்ணாடியிழைப் படகுகளும் இவ்வாறு அச்சில் வார்க்கப்படுபவையே. அடிச்சட்டத்திற்குத் துத்தநாக முலாம் பூசுவது பயனுள்ளது; கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் அரிக்கப்பட்டு எஃகைக் காக்கும்.

இந்தியாவில்

2021 இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. இந்தியாவில் சுற்றுலாவுக்குப் பயன்படும் கேரவன்களுள் பெரும்பாலானவை தானே ஓடுபவை. எனினும், கூரை மூட்டுகளைக் குறித்த காலத்தில் சோதித்தல், கடற்கரைப் பயணத்திற்குப் பின் அடிப்பகுதியை நன்னீரால் கழுவுதல் ஆகியன இருவகைக்கும் பொருந்தும். பழைய வண்டியை வாங்குவோர் சுவரின் மூலைகளையும் சன்னல்களின் கீழ்ப்பகுதியையும் அழுத்திப் பார்க்க வேண்டும். அங்கு மென்மை தென்பட்டால் உள்ளிருக்கும் மரம் உளுத்திருக்கக்கூடும்.