உறைபனி ஹாக்கி பிறந்த கதை

ஹாக்கி என்றவுடன் புல்தரையும் தியான்சந்தின் கைத்திறனும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. கனடா நாட்டிலோ அச்சொல் உறைபனியின்மேல் ஆடப்படும் ஆட்டத்தையே குறிக்கும்.

குளிரால் நீர்நிலைகள் கல்லென உறையும் நாடுகளில், பனிமேல் கோல்கொண்டு பந்தடித்தல் பழைய வழக்கம். பிரூகெல் என்னும் ஓவியர் 1565-ஆம் ஆண்டில் தீட்டிய குளிர்கால ஓவியத்திலேயே அத்தகைய ஆட்டக்காரரைக் காணலாம். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் குடியேறியோர் இவ்வாட்டங்களில் மகிழ்ந்தனர். அப்பகுதியின் தொல்குடியினரான மிக்மாக் மக்கள் செதுக்கிய வளைகோல்கள் பெயர்பெற்றன. ஆயினும் திறந்த வெளியில் ஆடியபோது ஆட்களுக்கும் எல்லைக்கும் பெரும்பாலும் கணக்கில்லை.

அக்கணக்கைத் தந்தது ஒரு கூரை. நோவா ஸ்கோஷியாவின் ஹாலிபாக்ஸ் நகரில் 1850-இல் பிறந்த ஜேம்ஸ் கிரைட்டன் என்னும் பொறியாளர், பணி நிமித்தம் மாண்ட்ரியல் நகருக்கு வந்தார். 1875 மார்ச் 3-ஆம் நாள், அங்குள்ள விக்டோரியா சறுக்கு மண்டபத்தில், அணிக்கு ஒன்பதின்மராக ஒரு போட்டி நடைபெற ஏற்பாடு செய்தார். மண்டபத்தின் பனித்தளம் சுமார் 200 அடி நீளமும் 80 அடி அகலமும் உடையது. பெருங்கூட்டமாக ஆட இடமில்லை. துள்ளும் பந்து பார்வையாளர்மேல் பாயக்கூடும் என்னும் அச்சமும் இருந்தது. ஆதலின் பந்தை விடுத்து, தட்டையான வட்ட மரத்துண்டைப் பயன்படுத்தினர். அது எளிதில் எழும்பாது. பனியோடு ஒட்டி வழுக்கிச் செல்லும். இன்றைய ரப்பர் வட்டின் முன்னோடி அதுவே.

1877-இல் விதிகள் மாண்ட்ரியல் செய்தித்தாளில் வெளியாயின. தனக்கு முன்னால் நிற்கும் தோழனுக்கு வட்டைத் தள்ளுதல் அன்று குற்றம். 1886-இல் சங்கம் தோன்றியது. ஆளுநர் ஸ்டான்லி பிரபு 1892-இல் அறிவித்த கோப்பையை, 1893-இல் மாண்ட்ரியல் அணி முதலில் பெற்றது. 1917-இல் தொழில்முறை ஆட்டக்காரரின் தேசிய ஹாக்கி லீக் உருவாயிற்று. ஒன்பதின்மர் எழுவராகி, பின்னர் அறுவராயினர்.

ஸ்டான்லி பிரபுவின் பெயர் அக்கோப்பையால் இன்றும் உலகெங்கும் ஒலிக்கிறது. கிரைட்டனோ கனடாவின் மேலவையில் சட்ட எழுத்தராகப் பல்லாண்டுகள் பணியாற்றி, 1930-இல் ஒட்டாவா நகரில் மறைந்தார். அவரது கல்லறையில் பெயர் பொறித்த கல் நாட்டப்பட்டது 2009-ஆம் ஆண்டில்தான். எழுபத்தொன்பது ஆண்டுகள் கடந்தாயினும் அக்கடன் தீர்க்கப்பட்டமை மகிழ்ச்சிக்குரியதே.