தூரம் ஒன்றுதான், நேரம் வேறு

சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரம்? தாளும் பென்சிலும் இருந்தால் நாமே கணக்கிடலாம். சாங்கி இருப்பது கிழக்கு 104 டிகிரியில்; நியூயார்க் மேற்கு 74 டிகிரியில். கூட்டினால் 178. பூமியின் பாதிச் சுற்று 180 டிகிரி என்பதால், இரண்டும் ஏறக்குறைய எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருக்கின்றன. ஆகவே மிகக் குறுகிய வழி வட துருவத்தை உரசிக்கொண்டுதான் போகும். சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.6 டிகிரி, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4 டிகிரி, மொத்தம் 138. டிகிரிக்கு 111 கி.மீ. வைத்தால் சுமார் 15,300 கி.மீ. சுவரில் மாட்டிய வரைபடத்தில் இந்த வழி கண்ணில் படாது. உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் உடனே தெரிந்துவிடும்.

மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறந்தால் 17 மணி நேரம். ஆனால் கால அட்டவணையில் 18 மணி நேரத்துக்கும் மேல் போட்டிருப்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், மேலேறி இறங்குவதும் ஒரு காரணம். பெரிய காரணம் காற்று.

தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் பாய்கிறது. பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தவர் ஜப்பானிய வானிலை அறிஞர் வாசபுரோ ஓயிஷி. உலகம் படிக்கட்டும் என்று 1926-இல் எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை வெளியிட்டார், பெரும்பாலோர் படிக்கவில்லை. 1944-இல் ஜப்பான் மீது பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானிகள் இந்தக் காற்றில் சிக்கித் திணறினார்கள். ஓயிஷியின் உழைப்புக்கு உரிய மதிப்பு உரிய காலத்தில் கிடைக்காதது வருத்தம்தான்.

இந்தக் காற்று முதுகில் தள்ளினால் என்ன ஆகும்? 2020 பிப்ரவரியில் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரையை வைத்துப் பார்த்தால் அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. சுற்றியிருந்த காற்றை வைத்துப் பார்த்தால் வழக்கமான வேகம்தான். அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தது. எதிர்த்திசையில் இதே காற்று நேரத்தைத் தின்றுவிடும். அதனால்தான் குறுகிய வழியை விட்டு, சில நூறு கிலோமீட்டர் சுற்றினாலும் காற்று ஒத்துழைக்கும் வழியை அன்றன்றைய வானிலை பார்த்து வகுக்கிறார்கள். மூடிய வான்பரப்புகளையும் ஒதுக்க வேண்டும்.

கூடுதலாகப் பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளைச் சுமக்கவும் எரிபொருள் வேண்டும். நான்கு இன்ஜின் ஏ340-500 விமானத்தைக் கொண்டு 2004-இல் தொடங்கிய, சிங்கப்பூருக்கும் நியூயார்க்கை அடுத்த நியூவார்க் விமான நிலையத்துக்கும் இடையிலான சேவை 2013-இல் நின்றது இதனால்தான். 2018-இல் இரண்டே இன்ஜின் கொண்ட ஏ350-900 யுஎல்ஆர் வந்த பிறகே மீண்டது. அதன் தொட்டிகளில் 1,65,000 லிட்டர் பிடிக்கும். முழுக்க நிரப்பினால் எடை சுமார் 130 டன். புறப்படும்போது விமானத்துக்கு அனுமதிக்கப்பட்ட 280 டன்னில் கிட்டத்தட்ட பாதி. அவ்வளவு கனத்தோடு முதலிலேயே உச்சத்துக்கு ஏற முடியாது. எரிபொருள் தீரத் தீரப் படிப்படியாக மேலேறுகிறது. எடையைக் குறைக்க இருக்கைகளும் 161 மட்டுமே. எகானமி வகுப்பு கிடையாது.