கனலிலிருந்து மின்சாரம்

தில்லியில் குளிர்காலத்தைக் கழித்த நம்மவர்கள் அங்கீட்டியை எளிதில் மறக்கமாட்டார்கள். கனிந்த கரியினின்று இரண்டடி தள்ளி அமர்ந்தாலும் முகத்தில் சூடு உறைக்கும். அது காற்று சுமந்து வரும் சூடன்று. கண்ணுக்குப் புலனாகாத கிரணங்களாக, ஒளியின் உடன்பிறப்பாக, நேரே வருவது. இக்கிரணங்களை மின்சாரமாக்கும் கலங்களைப் பற்றியே இன்று கூற விழைகிறேன்.

1956-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஹென்றி கோல்ம், மாண்டில் விளக்கின் அருகே சிலிக்கன் கலத்தை வைத்து மின்சாரம் பெற்றார். பலன் சொற்பமே. கலத்திலுள்ள எலெக்ட்ரானை விடுவிக்கக் கிரணத்துக்குக் குறைந்தபட்ச சக்தியொன்று வேண்டும். சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி சென்டிகிரேடு. நாம் மூட்டும் கனல் அதில் பாதியை எட்டுவதும் அரிது. ஆகவே அதன் கிரணங்களில் பெரும்பாலானவை அச்சக்தியற்றவை.

ஆயினும் கனலுக்குச் சூரியனிடம் இல்லாத ஒரு சௌகரியம் உண்டு. 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சூரியனுக்கு, வேண்டாத கிரணத்தைத் திருப்பியனுப்ப இயலாது. கனலோ கலத்தின் எதிரிலேயே இருக்கிறது. கலத்தின் முதுகில் பொன் பூசிக் கண்ணாடியாக்கினால், செல்லாக் காசு கொடுத்தவரிடமே திரும்புவது போல், கிரணம் திரும்பிக் கனலையே சூடாக்கும்.

இங்கே நூற்றுக்கு ஒன்றிரண்டு குறைந்தாலும் நட்டம் பெரிது. ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு 95 பங்கு திரும்பினால், பத்து முறை சென்று மீண்டபின் எஞ்சுவது 60 பங்கே. 99 திரும்பினால் 90 எஞ்சும். பொன்னுக்கும் கலத்துக்கும் நடுவே மெல்லிய காற்றிடைவெளி விட்டு, மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2020-இல் 99-ஐ நெருங்கினர். பொன்னால் முடியாததை வெறுங்காற்று முடித்தது!

2022-இல் மாசசூசெட்ஸ் கழகமும் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிச்சாலையொன்றும் இரண்டடுக்குக் கலத்தில் நூற்றுக்கு 40 பங்கு திறன் கண்டன. நீராவிச் சுழலிகளின் சராசரி 35-ஐ ஒட்டியது. ஆனால் அக்கனல் 2,400 டிகிரி. மிச்சிகன் குழுவினர் 2024-இல் 1,435 டிகிரியிலேயே 44-ஐ அடைந்தனர். அதுவே மெச்சத்தக்கது என்பேன். இவை கலத்தின் கணக்குகள். உலையில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் குறையும்.

இராஜஸ்தானத்து பட்லாவில் 2,245 மெகாவாட் சூரியப் பலகைகள் உள்ளன. விளக்கேற்றும் வேளையில் அவை உறங்கிவிடும். பகல் மின்சாரத்தால் கரிக்கட்டிகளைப் பழுக்கக் காய்ச்சி வைத்து, இரவில் இக்கலங்களால் மீட்பதே திட்டம். 2022-இல் சோதித்த கலத்தின் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டர்தான்.