சொல்லை எங்கே பிரித்து வாசிப்பது?

டுசல்டோர்ஃப் நகரிலிருந்து பேசுகிறேன். இந்த நகரின் பெயரே இன்றைய பேச்சுக்கு நல்ல தொடக்கம். டுசல் என்பது இங்கே ஓடும் சிற்றாறு. டோர்ஃப் என்றால் சிற்றூர். இது ஓர் ஊர் என்று சொல்வது பின்சொல். எந்த ஊர் என்று சொல்வது முன்சொல். அழுத்தம் விழுவது முன்சொல்லில்தான். தலைமை ரயில் நிலையத்துக்கு இங்கே ஹௌப்ட்பான்ஹோஃப் என்று பெயர். அது மூன்று சொற்களின் தொகை. அதிலும் முதலசையே ஓங்கி ஒலிக்கும். ஜெர்மன் தொகைப்பெயர்களில் பெரும்பாலும் இதுவே வழக்கம். சார்ப்ரூக்கன் போன்ற சில ஊர்ப்பெயர்கள் விலக்கு.

ஆனால் அழுத்தம் மட்டும் போதாது. ஒரே எழுத்துக்கூட்டில் எழுதப்படும் ஒரு சொல்லை 'ஷ்டௌ-பெக்கன்' என்று பிரித்தால் நீர்த்தேக்கம். 'ஷ்டௌப்-எக்கன்' என்று பிரித்தால் தூசி படிந்த மூலைகள். இரண்டிலும் அழுத்தம் முதலசையில்தான். அசை முறியும் இடமே பொருளைச் சொல்கிறது. இரண்டாவதில், 'எ' என்ற உயிருக்கு முன் தொண்டையில் மூச்சைச் சற்றே தடுத்துத் தொடங்குவார்கள். சொற்கள் சேர்ந்த மூட்டு காதுக்குத் தெரிந்துவிடும்.

தமிழ் இதற்கு நேரெதிர். மெய்யில் முடியும் சொல்லோடு உயிரில் தொடங்கும் சொல் சேர்ந்தால், இரண்டும் கலந்து உயிர்மெய்யாகிவிடும். நாம் மூட்டை மறைக்கிறோம். வல்லினம் வரும் இடத்தில் ஒற்று உதவுகிறது: 'கீரை கடை' என்றால் அடுக்களை வேலை, 'கீரைக்கடை' என்றால் வியாபாரம்.

ஒற்றும் உதவாத இடத்தில் என்ன செய்வது? எழுத்து ஒன்றாகவே இருந்து பொருள் வேறுபடும் புணர்ச்சியை ஒலிக்கும் இசையால் அறியலாம் என்கிறார் தொல்காப்பியர், எழுத்ததிகாரத்தின் புணரியலில். உரைமரபில் இதற்கு 'செம்பொன்பதின்றொடி' என்ற எடுத்துக்காட்டு உண்டு. 'செம்பொன், பதின்தொடி' என்று நிறுத்தினால் பத்துத் தொடி எடையுள்ள பொன்; 'செம்பு, ஒன்பதின்தொடி' என்றால் ஒன்பது தொடி செம்பு. ஒரு நிறுத்தத்தில் பொன் செம்பாகிறது! 'குன்றேறாமா' இன்னும் வேடிக்கை. 'குன்றேறு ஆமா' என்றால் குன்றில் ஏறும் காட்டுப்பசு. 'குன்றேறா மா' என்றால் குன்றில் ஏறாத விலங்கு. பொருள் தலைகீழ்.

நேரலையில் பழம்பாடல் வாசிக்கும் நம் எல்லோருக்கும் இதில் வேலை இருக்கிறது. கேட்பவர் கையில் புத்தகம் இருக்காது; நம் குரல் நிற்கும் இடம்தான் அவருக்குப் பதவுரை. ஜெர்மனியில் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருபவர்களிடமும் ஒன்று சொல்வேன்: நீண்ட சொல்லின் மூட்டைத் தேடும் பழக்கம் பள்ளிக்கூடத்து ஜெர்மனிலேயே அவர்களுக்கு வந்துவிடுகிறது. அதைத் தமிழுக்கும் பயன்படுத்துங்கள். முதலில் பிரித்துக் காட்டுங்கள், பிறகு சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். புணர்ச்சி விதிகள் அதன்பின் வரட்டும்.