பழைய படகை வாங்கிப் பார்!

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க அவர்களுக்குச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. வாய்த்திருந்தால், 'பழைய படகை வாங்கிப் பார்' என்பதையும் கட்டாயம் சேர்த்திருப்பார்கள்!

"தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் குடியிருக்கிறவர்களுக்குப் படகு எதற்கு? தண்ணீர் லாரி ஒழுங்காக வந்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். 2015ம் வருஷத்து டிசம்பர் மாதத்தை அதற்குள் மறந்துவிட்டீர்களா? அடையாறு கரை புரண்டு, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருக்களெல்லாம் ஆறுகளாக ஓடிய போது, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் நின்றபடி, 'ஒரு படகு வராதா?' என்று எத்தனை தாய்மார்கள் ஏங்கினார்கள்! படகுகள் வந்தன. எங்கிருந்து வந்தன என்பதைக் கடைசியில் பார்க்கலாம். அதற்கு முன்னால், வேறொரு தேசத்தில் ஒரு குடும்பம் பழைய படகு ஒன்றை வாங்கிச் செப்பனிட்ட கதையைக் கேளுங்கள்.

மிதக்கும் வீடு

'கேபின் குரூசர்' என்று ஒரு வகைப் படகு உண்டு. நம் முட்டுக்காட்டில் 1984லிருந்து சுற்றுலாத் துறையார் விடுகிறார்களே, அரை மணி நேரம் சுற்றிவிட்டுக் கரைக்கு வரும் உல்லாசப் படகு, அது மாதிரி அல்ல. இதற்குக் கூரை உண்டு, படுக்கை உண்டு, ஓர் ஓரத்தில் அடுப்பு உண்டு. ஒரு குடும்பம் நாலைந்து நாள் தண்ணீர் மேலேயே குடித்தனம் நடத்தலாம்.

நம் பக்கத்திலும் படகுப் பிரயாணம் ஒரு காலத்தில் சர்வ சாதாரணமாகத்தான் இருந்தது. பக்கிங்ஹாம் கால்வாயில் விறகும் உப்பும் ஏற்றிய தோணிகள் சோழிங்கநல்லூர் வழியாகப் போய்வந்து கொண்டிருந்தன. பாவேந்தர் பாரதிதாசன் 1934ல் நண்பர்களோடு மாமல்லபுரத்துக்குப் போனது இந்தக் கால்வாயில் படகேறித்தான். இன்றைக்கோ, வேளச்சேரிப் பறக்கும் ரயிலின் தூண்கள் பல இடங்களில் அந்தக் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. ஆகையால் நம் கதைக்கு இங்கிலாந்துக்குத்தான் போகவேண்டியிருக்கிறது.

சில்வியா அம்மாள் வைத்த பெயர்

சார்லஸ் லைட்டாலர் என்ற பெயரை டைட்டானிக் கப்பலின் சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள். 1912 ஏப்ரல் மாதம் அந்தக் கப்பல் மூழ்கிய இரவில் அதன் இரண்டாம் அதிகாரியாக இருந்தவர் அவர். பெண்களையும் குழந்தைகளையும் உயிர்காப்புப் படகுகளில் ஏற்றி அனுப்பிவிட்டு, கடைசியில் தாமே கடலில் விழுந்தார். கவிழ்ந்து மிதந்த ஒரு படகின் முதுகில் ஏறி, சுமார் முப்பது பேரோடு விடியும் வரை நின்றார். அலை இடப்புறம் சாய்த்தால் எல்லோரும் வலப்புறம் சாயவேண்டும்; வலப்புறம் சாய்த்தால் இடப்புறம். அப்படி இரவெல்லாம் கட்டளையிட்டுப் பிழைத்து வந்த மனிதர்.

அப்படிப்பட்டவர் மறுபடி தண்ணீர்ப் பக்கமே தலை வைத்துப் படுக்கமாட்டார் என்றுதானே நினைப்பீர்கள்? 1929ல், கடற்படையார் கழித்துவிட்ட பழைய நீராவிப் படகு ஒன்றை அவர் விலைக்கு வாங்கினார். அது கட்டப்பட்டதும் டைட்டானிக் மூழ்கிய அதே 1912ம் வருஷத்தில்தான்! அதன் நீளத்தைக் கூட்டி 58 அடியாக்கி, புது எஞ்சின் வைத்து, அறைகள் அமைத்து, 1930ல் தண்ணீரில் இறக்கினார்கள். குடும்பத்தாருக்கு அதுவே விடுமுறை வீடு ஆயிற்று.

படகுக்குப் பெயர் சூட்டியவர் அவருடைய மனைவி சில்வியா அம்மாள். அவர் ஆஸ்திரேலியா தேசத்துப் பெண். அந்த ஊரில், பொழுது சாய்ந்த பிறகு பண்ணை வீட்டு வாசலில் வந்து நின்று, வேலை செய்ய நேரமில்லாததால் சாப்பாட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும் நாடோடிக்கு 'சண்டவுனர்' என்று பெயர். அந்தப் பெயரையே அம்மாள் படகுக்கு வைத்தார். கடலையே கட்டிக்கொண்டு அழுத கணவரை நினைத்துத்தான் வைத்தாரோ என்னவோ, நமக்குத் தெரியாது. எந்த மனைவியும் ஊகிக்கலாம்!

முதலில் வர்ணம் அடிக்காதீர்கள்

பழைய மரப்படகு ஒன்றைக் குடும்பமாகச் செப்பனிடுவது எப்படி? இதில் நம் வீட்டு அனுபவமே பாதி வழி காட்டிவிடும்.

பழைய வீட்டை வாங்குகிறவர்கள் செய்கிற முதல் தப்பு என்ன? தளம் ஒழுகுவதைப் பார்க்காமல் சுவருக்கு வெள்ளையடிப்பது. படகிலும் அதேதான். பளபளவென்று வார்னிஷ் அடித்த படகைக் கண்டு மயங்கக் கூடாது. ஒரு சிறு சுத்தியலும் குத்தூசியும் கையில் எடுத்துக்கொண்டு, பலகை பலகையாகத் தட்டிப் பார்க்கவேண்டும். நல்ல மரம் 'டங்' என்று பேசும். உளுத்த மரம் 'தொப்' என்று வாயை மூடிக்கொள்ளும். குத்தூசி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கினால் அந்தப் பலகைக்கு ஆயுசு முடிந்தது என்று அர்த்தம். சந்தையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்தும் தேங்காயைத் தட்டிப் பார்த்தும் வாங்குகிற நம் பெண்மணிகள் இந்தப் பரீட்சையில் ஆண்களைத் தோற்கடித்துவிடுவார்கள்.

இன்னோர் ஆச்சரியமான விஷயம். மரப்படகுக்குக் கடல் தண்ணீரை விட மழைத் தண்ணீர்தான் பெரிய சத்துரு. உப்புத் தண்ணீரில் மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சை சுலபத்தில் வளராது. கூரையிலிருந்தும் மேல்தளத்திலிருந்தும் சொட்டுச் சொட்டாகக் கசிந்து மூலையில் தேங்கும் மழைநீர்தான் உள்ளிருந்து தின்றுவிடும். குரோம்பேட்டை வீடு ஒன்றில், "ஒரு படகு வாங்கலாமா?" என்று கணவர் கேட்டால், "முதலில் மாடிப்படி மூலையில் ஒழுகுகிறதே, அதைப் பாருங்கள்" என்று மனைவி சொல்வாள். படகு சாஸ்திரத்தின் முதல் பாடம் அதுதான்!

பிறகு வரிசையாக வேலை. படகைக் கரையேற்றி உலர விடவேண்டும். உளுத்த பலகைகளைக் கழற்றவேண்டும். உள்ளே விலாச் சட்டம் முறிந்திருந்தால், பக்கத்திலேயே இன்னொரு சட்டத்தைத் துணையாக வைத்து இணைக்கவேண்டும். பலகைகளின் இடுக்குகளில் பஞ்சுத் திரியைத் திணித்து மேலே பூச்சு அடைக்கவேண்டும். இதற்குக் 'கலப்பற்று' என்று தமிழிலேயே பழைய பெயர் இருக்கிறது. அதற்குப் பிறகு எஞ்சின். பிறகு மின்சாரக் கம்பிகள். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வர்ணம்.

இவ்வளவும் செய்து தண்ணீரில் இறக்கினால் முதல் நாள் ஒழுகும்! அதைப் பார்த்து மனம் உடைந்துவிடக் கூடாது. காய்ந்த மரத்தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் முதலில் ஒழுகி, மரம் ஊறியதும் தானே நின்றுவிடுகிறது அல்லவா? அதே மாதிரி பலகைகள் ஊறிப் பருத்து இடுக்கை மூடிக்கொள்ளும். அந்த இரண்டொரு நாள் பக்கத்திலிருந்து தண்ணீர் இறைத்துக் கொடுப்பதற்குத்தான் வீட்டிலே ஆள் வேண்டும்.

யாருக்கு எந்த வேலை? குழந்தைகளுக்கு உப்புத்தாளைக் கொடுத்து மரத்தைத் தேய்க்கச் சொல்லலாம். ஆனால் பழைய வர்ணத்தைச் சுரண்ட விடக் கூடாது. பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கும். அந்தத் தூசி குழந்தைகளுக்கு விஷம். கழற்றிய ஒவ்வொரு திருகாணியும் எந்த இடத்தது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி, டப்பாக்களில் போட்டு வைக்க ஒரு பொறுப்பான பெண் வேண்டும்.

சமையல் அடுப்பு விஷயத்தில் பரம ஜாக்கிரதை தேவை. சிலிண்டர் வாயு காற்றை விடக் கனமானது. வீட்டில் கசிந்தால் தரையோடு பரவும். கதவைத் திறந்து வெளியேற்றலாம். படகுக்கு ஏது வாசற்படி? கசிந்த வாயு அடிவயிற்றில் இறங்கிக் குளம் போல் நின்றுவிடும். எஞ்சினைத் திருகும் போது ஒரு பொறி பறந்தால் போதும், படகே வெடித்துவிடும். அதனால்தான் சிலிண்டரைப் படகின் வெளிப்புறத்தில், அடியில் வாயு வெளியேற வழி வைத்த தனிப் பெட்டியில் வைப்பார்கள்.

இன்னொரு சின்னப் பொருளையும் சொல்லிவிடுகிறேன். கடல் தண்ணீரில் பித்தளையும் இரும்பும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால், ஒன்று மற்றொன்றை அரிக்க வைத்துவிடும். அதைத் தடுக்கப் படகின் அடியில் ஒரு துத்தநாகக் கட்டியைப் பொருத்துவார்கள். அது தான் கரைந்து மற்ற உலோகங்களைக் காப்பாற்றும். நம் வீடுகளில் அந்தத் துத்தநாகக் கட்டிக்கு 'அம்மா' என்று பெயர். ஒரு வித்தியாசம்: கட்டி எவ்வளவு கரைந்திருக்கிறது என்று படகுக்காரர்கள் வருஷா வருஷம் குனிந்து பார்க்கிறார்கள்!

பத்து வருஷத்துக்குப் பிறகு

லைட்டாலர் குடும்பத்துக்குத் திரும்புவோம். 1939 ஜூலையில், யுத்தம் மூளும் போல் இருந்த சமயம். விடுமுறைக்கு வந்த வயதான தம்பதிகள் மாதிரி, லைட்டாலரும் சில்வியா அம்மாளும் 'சண்டவுன'ரில் ஜெர்மனிக் கரையோரமாகப் போய், தங்கள் கடற்படைக்காகத் துறைகளை வேவு பார்த்துவிட்டு வந்தார்கள். செப்டம்பரில் யுத்தம் மூண்டது. மூண்டவுடனேயே நடந்த முதல் விமானத் தாக்குதலில், விமானியாக இருந்த அவர்களுடைய கடைசி மகன் பிரையன் உயிர் துறந்தான்.

1940 மே மாதக் கடைசி. பிரான்சின் டன்கர்க் கடற்கரையில் லட்சக் கணக்கான சிப்பாய்கள் சிக்கிக்கொண்டார்கள். சின்னப் படகுகள் எல்லாம் வேண்டும் என்று கடற்படையார் கேட்டார்கள். 'சண்டவுனரைக் கொடுங்கள், எங்கள் ஆட்கள் ஓட்டுவார்கள்' என்றார்கள். 66 வயது லைட்டாலர் சம்மதிக்கவில்லை. படகு போவதென்றால் தாமும் மூத்த மகன் ரோஜரும்தான் ஓட்டிப் போவோம் என்று சொல்லிவிட்டார். சாரணச் சிறுவன் ஒருவனும் சேர்ந்துகொள்ள, ஜூன் முதல் தேதி மூன்றே பேர் புறப்பட்டார்கள்.

வழியில் தீப்பிடித்த ஒரு படகிலிருந்தவர்களைக் காப்பாற்றினார்கள். மேலே எதிரி விமானங்கள் பாய்ந்து பாய்ந்து சுட்டன. எப்போது சுக்கானைத் திருப்பினால் விமானத்தின் குறி தவறும் என்பது லைட்டாலருக்குத் தெரிந்திருந்தது. சொல்லிக் கொடுத்தவன் யார் தெரியுமா? இறந்துபோன மகன் பிரையன். விடுமுறைக்கு வந்த சமயங்களில், விமானம் எப்படித் தாக்கும், அதிலிருந்து எப்படித் தப்பலாம் என்று அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தானாம்.

அதுவரை 21 பேருக்கு மேல் ஏறியிராத படகு அது. உள்ளே ரோஜர் சிப்பாய்களை அடுக்கிக்கொண்டே இருந்தான். ஐம்பது பேர் ஏறியதும் தகப்பனார் மேலிருந்து விசாரித்தார். இன்னும் இடம் இருக்கிறது என்று பதில் வந்தது. எழுபத்தைந்தில்தான் உள்ளே போதும் என்றான். பிறகு மேல்தளத்தில் ஏற்றினார்கள். ஏறத்தாழ 130 பேரோடு, தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டு, ராம்ஸ்கேட் துறைமுகம் வந்து சேர்ந்தது படகு. அந்தச் சில நாட்களில் டன்கர்க்கிலிருந்து மீட்கப்பட்டவர்கள் 3,38,000 பேருக்கு மேல்.

வேறு ஆட்கள் ஓட்டியிருந்தால் அத்தனை பேரை ஏற்றியிருப்பார்களா? எந்தப் பக்கம் எவ்வளவு கனம் தாங்கும், எப்போது படகு முனகும் என்பதெல்லாம் அதைச் செப்பனிட்டு, வருஷக் கணக்காக அதில் குடித்தனம் செய்த குடும்பத்துக்கல்லவா தெரியும்?

நம் குப்பத்துப் படகுகள்

இப்போது முடிச்சூர் மாடிக்கு வருவோம். அன்று ராணுவத்தாரும் மீட்புப் படையினரும் மட்டுமா வந்தார்கள்? சென்னையைச் சுற்றியுள்ள கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, வெள்ளம் சூழ்ந்த தெருக்களுக்கு வந்தார்கள். கடலில் அலை தாண்டுகிற படகு, காம்பவுண்டுச் சுவர்களுக்கு நடுவே, மின்கம்பிகளுக்குக் கீழே குனிந்து குனிந்து போயிற்று. கர்ப்பிணிகளையும் கிழவர்களையும் தூக்கி ஏற்றிக்கொண்டார்கள்.

அந்தப் படகுகளும் லேசில் நிலைத்தவை அல்ல. முன்னாளில் கட்டுமரம், தினமும் கட்டை அவிழ்த்து உலர்த்திவிட்டு, மறுநாள் திரும்பவும் கட்டுவார்கள். இன்று கண்ணாடியிழைப் படகு. விரிசல் கண்ட இடத்தைத் தேய்த்து, இழைப்பாயை வைத்து, பிசின் பூசி ஒட்டுகிறார்கள். கோவளம் பக்கம் போனால் சவுக்குத் தோப்பு நிழலில் பார்க்கலாம். அப்பா பிசின் கலக்குவார். பையன் தேய்த்துக் கொண்டிருப்பான். மீன் விற்றுவிட்டு வரும் அம்மா, அடுத்த டப்பா பிசினுக்கு முந்தானை முடிச்சை அவிழ்ப்பாள். சமயத்தில் காதிலும் கழுத்திலும் இருப்பது அடகுக் கடைக்குப் போவதும் உண்டு.

நாம் எல்லோரும் படகு வாங்கப் போவதில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முட்டுக்காட்டுக்குப் போகும் போது, மணலில் கவிழ்த்து வைத்து யாராவது படகைத் தேய்த்துக்கொண்டிருந்தால், இரண்டு நிமிஷம் நின்று குழந்தைகளுக்குக் காட்டுங்கள். அது எந்த வருஷத்து மழைக்கு, யார் வீட்டு மாடிக்கு வரப்போகிற படகோ!